பிடிக்காமல் படித்த ‘சைலஸ் மார்னர்’

சில வருடங்களுக்கு முன்பு வரை சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத்தில் ஒரு முழு நாவல் பாடமாக இருந்தது. ஹெச்.ஜி. வெல்ஸின் ‘தி இன்விசிபிள் மேன்’ அல்லது ஜார்ஜ் எலியட்டின் ‘சைலஸ் மார்னர்’, இரண்டில் ஒன்று. எங்கள் பள்ளியில் இரண்டாவது. வேறு பள்ளிப் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரியாத மனிதனைத் துரத்திக்கொண்டிருக்க, எங்களுக்கு வாய்த்தது 1861-இல் வெளிவந்த ஒரு கிட்டப்பார்வை நெசவாளியின் கதை. வகுப்பில் யாருக்கும் பிடிக்கவில்லை.

தேர்வில் நாவலுக்கு 12 மதிப்பெண். கதை, கரு பற்றி ஒரு கேள்வி, பாத்திரம் பற்றி ஒரு கேள்வி, தலா 6. ஒவ்வொரு பதிலும் 120 முதல் 150 சொற்கள். இதற்காக யார் முழு நாவலைப் படிப்பார்கள்? கடையில் கைடு கிடைத்தது, பாதிப் பேர் அதோடு நிறுத்திக்கொண்டார்கள். நான் நாவலையே படித்ததற்குக் காரணம், கைடில் இருந்த சுருக்கம் அதைவிடச் சலிப்பாக இருந்ததுதான். இப்போது அந்தப் பகுதி பாடத்திட்டத்தில் இல்லை. ஆனாலும் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எடுத்தவர்களும், வேறு பாடத்திட்டத்தில் பழைய நாவலோடு மல்லுக்கட்டுபவர்களும் எப்படிப் படிப்பது என்று கேட்கிறார்கள். என் பதில் ஒன்றுதான்: படிக்கும்போது என்ன தோன்றுகிறதோ அதைப் பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். ‘ஒரே போர்’, ‘பொய்’, ‘இவனை உதைக்கணும்’, எதுவானாலும் சரி. பிறகு விடை எழுத உதவுவது அந்தக் கிறுக்கல்கள்தான்.

முதல் அத்தியாயத்தில் நான் எழுதியது ‘வாக்கியம் எப்போ முடியும்?’ அவ்வளவு நீளமான வாக்கியங்கள். ஆனால் அதே அத்தியாயத்தில்தான் கதையின் வேர் இருக்கிறது. லேண்டர்ன் யார்டு என்ற சிறு மதக்குழுவில் இருக்கும் சைலஸ்மீது திருட்டுப் பழி விழுகிறது. பழி போட்டவன் உயிர் நண்பன் வில்லியம் டேன். குழுவினர் ஆதாரத்தை அலசாமல் சீட்டுக் குலுக்கிப் பார்க்க, சீட்டு சைலஸ்தான் குற்றவாளி என்கிறது. அவனுக்கு நிச்சயித்த பெண்ணையும் அந்த நண்பனே மணக்கிறான். சைலஸ் ஊரைவிட்டு ராவிலோ என்ற கிராமத்துக்குப் போய், 15 வருடம் யாரோடும் ஒட்டாமல் நெய்து, தங்கக் காசு சேர்க்கிறான். இரவில் கதவை அடைத்துக்கொண்டு காசுகளைக் கொட்டி எண்ணுவதுதான் அவனுக்கு இருக்கும் ஒரே சுகம்.

இங்கே எனக்கு ஒரு சின்ன அனுகூலம் இருந்தது. அம்மாவின் அப்பா குழித்தறியில் நெய்தவர். தறியில் உட்கார்ந்தே முதுகு வளைந்து, கண் மங்கிப்போன மனிதரை நான் பார்த்திருக்கிறேன். ஊர்க்காரர்கள் சைலஸைப் பார்த்து மிரள்வது வகுப்பில் மற்றவர்களுக்கு வினோதமாக இருந்தது. எனக்கு அவன் தெரிந்த ஆள். உங்களுக்கும் நாவலில் இப்படி ஏதாவது ஒன்று தட்டுப்படும், அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழையுங்கள்.

அப்புறம் திருட்டு. பண்ணையார் காஸின் மகன் டன்ஸ்டன், சைலஸ் வீட்டில் இல்லாத நேரத்தில் காசைத் தூக்கிக்கொண்டு இருட்டில் போகிறான். அதன் பிறகு ஆளைக் காணோம். இந்த இடத்தில் நான் எழுதிய குறிப்பு இன்னும் நினைவிருக்கிறது: ‘ஒரே ராத்திரியில் பணமும் போச்சு, ஆளும் போச்சு, ஊருக்கே சந்தேகம் வரலையா?’ கதையில் ஓட்டை கண்டுபிடித்துவிட்ட பெருமையோடு வகுப்பில் கேட்டேன். ஆசிரியை பதில் சொல்லாமல், “அப்போ ஊர் யாரைச் சந்தேகப்படுது, பாரு” என்றார். பார்த்தால், காதில் கடுக்கன் போட்ட ஒரு வெளியூர் வியாபாரியை. கடுக்கன் போட்டிருந்தானா இல்லையா என்பதே பெரிய விவாதமாக ஓடுகிறது. பண்ணையார் வீட்டுப் பிள்ளைமேல் யாருக்கும் கண் போகவில்லை. லேண்டர்ன் யார்டில் சீட்டு செய்ததை இங்கே அந்தஸ்து செய்கிறது. நியாயம் பற்றியோ சமூகம் பற்றியோ எந்தக் கேள்வி வந்தாலும் இந்த இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பதில் தயார். நான் பார்த்த கைடில் இது இல்லை. என் எரிச்சலில் இருந்து வந்தது.

ரெயின்போ மதுக்கடையில் ஊர்ப் பெரியவர்கள் பசுமாட்டில் தொடங்கிப் பேய் வரைக்கும் வாதாடும் ஆறாம் அத்தியாயத்தை வேகமாகப் புரட்டலாம். ரசித்துப் படிப்பவர்கள் உண்டு, நான் அந்த ரகமில்லை. பன்னிரண்டாம் அத்தியாயத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள். புத்தாண்டுக்கு முந்தின இரவு, பனி. மாலி என்ற பெண் அபின் மயக்கத்தில் வழியில் விழுந்து இறக்கிறாள். அவள் கைக்குழந்தை, திறந்திருந்த கதவின் வெளிச்சத்தைப் பார்த்துத் தத்தித் தத்தி சைலஸின் குடிசைக்குள் போய்விடுகிறது. கிட்டப்பார்வை சைலஸ் கணப்பருகே பொன்னிறமாக எதையோ பார்த்து, தன் தங்கம்தான் திரும்பிவிட்டது என்று கையை நீட்டுகிறான். கைக்குத் தட்டுப்படுவது குழந்தையின் சுருள்முடி. அந்த ஓரத்தில் நான் எதுவும் எழுதவில்லை, ஒரு கோடு மட்டும் போட்டேன். அந்தக் குழந்தைதான் எப்பி.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது காட்ஃப்ரீமேல். டன்ஸ்டனின் அண்ணன், குழந்தையின் அப்பா. மாலியை ரகசியமாக மணந்துவிட்டு, நான்சியை மணக்க ஆசைப்படுகிறவன். பண்ணையார் வீட்டில் அன்றிரவு நடந்த புத்தாண்டு விருந்துக்குள் சைலஸ் குழந்தையோடு நுழைந்ததும் இவனுக்கு அடையாளம் தெரிந்துவிடுகிறது. அந்தக் கணம் அவன் பயமெல்லாம் மாலி செத்திருக்காமல் போய்விடுவாளோ என்பதுதான். பிறகு குழந்தைக்குத் துணி வாங்க சைலஸ் கையில் அரை கினி (பழைய ஆங்கிலேயத் தங்கக் காசு) திணிக்கிறான். பெற்ற மகளுக்கு அவன் அன்று கொடுத்தது அவ்வளவுதான். 16 வருடம் கழித்து, நான்சியோடு வாழ்ந்தும் பிள்ளை இல்லாத நிலையில், எப்பியைக் கேட்டு வருகிறான். அப்போது ஏன் கேட்கவில்லை என்கிறான் சைலஸ். எப்பியும் வளர்த்தவரை விட்டு வர மறுத்துவிடுகிறாள்.

காட்ஃப்ரீ பற்றிப் பாத்திரக் கேள்வி வந்தால் பெரும்பாலோர் நல்லவன், கோழை, மனவுறுதி இல்லாதவன் என்று பெயரடைகளை அடுக்கிவிட்டு முடிப்பார்கள். நீங்கள் அரை கினியில் தொடங்குங்கள். அடுத்து, அவன் உண்மையைச் சொன்னபோது நான்சி கேட்டதற்குப் போங்கள்: உங்கள் பிள்ளை என்று தெரிந்திருந்தால் நான் வேண்டாம் என்றா சொல்லியிருப்பேன்? அத்தனை வருடம் அவன் பயந்து மறைத்ததற்கு அவசியமே இருந்திருக்கவில்லை. இரண்டு காட்சி, ஒரு முடிவு. 150 சொல்லுக்கு இது போதும், கோழை என்ற சொல்லை எழுதவே வேண்டாம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி இதை ஒத்துக்கொள்ளவே இல்லை. அப்பா சொத்தைவிட்டு விரட்டிவிடுவார் என்ற பயம் அவனுக்கு நிஜம்தானே என்பாள். அவளோடு சண்டை போட்டதில், எதிர்த்தரப்பை ஒரு வரியில் சொல்லிவிட்டு என் கட்சிக்கு வரப் பழகினேன். திருத்துபவர்களுக்கு அது பிடிக்கும் என்று ஆசிரியை சொன்னார். படிக்கும்போது சண்டைக்கு ஒரு ஆள் இருப்பது நல்லது.

பெயர்களை மட்டும் தனியே எழுதிப் பாருங்கள். டன்ஸ்டனை டன்சி என்றும் அழைப்பார்கள், இரண்டு ஆள் என்று எழுதிவைத்தவர்கள் எங்கள் வகுப்பிலேயே உண்டு. கடைசிப் பக்கங்களில் சைலஸ் எப்பியோடு லேண்டர்ன் யார்டைத் தேடிப் போவதையும் விட்டுவிடாதீர்கள். அந்த இடத்தில் இப்போது ஒரு பெரிய தொழிற்சாலை நிற்கிறது. சீட்டு ஏன் பொய் சொன்னது என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை. ஜார்ஜ் எலியட்டே விடை தராமல் விட்ட கேள்வி அது. அதனால் தேர்வில் நீங்கள் எந்தப் பக்கம் எழுதினாலும், காட்சியைச் சரியாகச் சொன்னால் மதிப்பெண் போகாது.