டாப் கேப்பை எவ்வளவு முறுக்கியும் ஆட்டம் நிற்கவில்லை

சைக்கிளில் ஸ்டெம், அதாவது ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் குட்டைக் கை, மாற்றுவது அரைமணி நேர வேலை. 100 மி.மீ. ஸ்டெம்மைக் கழற்றிவிட்டு 80 மி.மீ. ஒன்றைப் போட்டேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு முன் பிரேக்கைப் பிடித்தபோதெல்லாம் ஹெட்செட்டிலிருந்து, அதாவது ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங் தொகுதியிலிருந்து, 'டக்' என்று ஒரு சத்தம். அதை நிறுத்த ஒரு வாரம் ஆனது. கடைக்கு இரண்டு நடை, தேவையே இல்லாத ஒரு பேரிங்குக்குக் காசு. கடைசியில் குறை இருந்தது வெறும் 3 மி.மீ. இடைவெளியில். இதே இடத்தில் சிக்கி நிற்பவர்களுக்கு உதவும் என்று விவரமாக எழுதுகிறேன்.

வண்டி மரையில்லாத ஹெட்செட் உள்ள ஹைப்ரிட். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கிலிருந்து மேலே வரும் ஸ்டியரர் குழாய் 28.6 மி.மீ. விட்டம், அதாவது ஒன்றே அரைக்கால் (1⅛) அங்குலம். இன்று கடையில் விற்கும் கியர் சைக்கிள்களில் பெரும்பாலும் இந்த வகைதான்.

ஸ்டெம்மின் உச்சியில் இருக்கும் மூடியான டாப் கேப்தான் ஸ்டெம்மைப் பிடித்துவைத்திருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியல்ல. ஸ்டெம்மைப் பிடிப்பவை பின்பக்கம் இருக்கும் இரண்டு போல்ட்கள். டாப் கேப் போல்ட், ஸ்டியரர் குழாய்க்குள் சுமார் 15 மி.மீ. ஆழத்தில் அடித்து இறக்கியிருக்கும் ஸ்டார் நட் என்ற நட்சத்திர வடிவ நட்டில் பிடித்துக்கொண்டு ஃபோர்க்கை மேலே இழுக்கிறது. அதே நேரம் கேப் ஸ்டெம்மைக் கீழே அழுத்துகிறது. ஸ்டெம் தனக்குக் கீழே இருக்கும் ஸ்பேசர் வளையத்தை அழுத்தும், ஸ்பேசர் ஹெட்செட் மூடியை, மூடி கம்ப்ரஷன் ரிங்கை, ரிங் பேரிங்கை. இந்த வரிசை முழுக்க அழுத்தம் இறங்கினால்தான் ஆட்டம் போகும். போனதும் பின் போல்ட்களை இறுக்கி அந்த நிலையைப் பூட்டிவிடுகிறோம். அதன்பின் கேப்புக்கு வேலை இல்லை.

ஆகவே முறுக்கும்போது இரண்டு விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும். ஒன்று, ஸ்டெம்மின் பின் போல்ட்கள் இரண்டும் லூஸாக இருக்க வேண்டும். இது பெரும்பாலோருக்குத் தெரியும். இறுகியிருக்கும்போது கேப்பை முறுக்கினால் ஸ்டெம் இறங்காது. ஸ்டார் நட்தான் பிய்த்துக்கொண்டு மேலே வரும், இல்லையென்றால் போல்ட்டின் மரை போகும். இரண்டாவது, கேப் ஸ்டெம்மின் மேல் விளிம்பில் மட்டுமே உட்கார வேண்டும், ஸ்டியரர் குழாயின் தலையில் இடிக்கக் கூடாது. நான் கோட்டைவிட்டது இதைத்தான்.

சத்தம் வந்ததும் வழக்கமான சோதனையைச் செய்தேன். முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து, இன்னொரு கையின் விரல்களை ஹெட்செட்டின் மேல் மூடியும் ஃபிரேமும் சேரும் கோட்டில் வைத்து, வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் விரலுக்கடியில் மூடி நகர்வது தெரியும். தெளிவாகவே தெரிந்தது. கேப்பை முறுக்கினேன். ஆலன் கீ நன்றாக இறுகியது, ஆட்டம் அப்படியே இருந்தது. இன்னும் முறுக்கினேன். கை வலித்ததே தவிர ஆட்டம் குறையவில்லை. கேப் இறுகிவிட்டது, ஆனால் ஆட்டம் போகவில்லை என்றால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் முறுக்குவது ஸ்டார் நட்டைப் பாழாக்கும்.

கடைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்தவர் முன்பக்கத்தைத் தூக்கி இரண்டு தட்டு தட்டிவிட்டு, "பேரிங் போயிடுச்சு சார், செட்டே மாத்தணும்" என்றார். கேப்பைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை. ஆட்டம் இருந்தாலே பேரிங் போய்விட்டது என்று சொல்வது இப்போது எல்லா இடத்திலும் வழக்கமாகிவிட்டது, இதில்தான் எனக்கு ஆற்றாமை. ஆட்டத்துக்குக் காரணம் ஐந்தாறு இருக்கலாம். பேரிங் போனதற்கான அடையாளமே வேறு. முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினால், நேராக வரும் இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்ததுபோல் லேசாகச் சிக்கும், இல்லை மணல் அரைப்பதுபோல் கரகரக்கும். அப்படி இருந்தால் எந்தச் சரிக்கட்டலும் உதவாது, மாற்றத்தான் வேண்டும். என் வண்டியில் இரண்டுமே இல்லை. அதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும்.

செட் முழுக்க மாற்ற மனமில்லாமல், வேறு கடையில் பேரிங் மட்டும் வாங்கி வந்தேன். அது இன்னொரு வீண் செலவு. மேல் பேரிங்கின் வெளிவிட்டத்தில் 41 மி.மீ.யும் உண்டு, 41.8 மி.மீ.யும் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கொடுத்தது 41.8, ஃபிரேமில் இருந்தது 41. உள்ளேயே போகவில்லை. பேரிங் வாங்கப் போகும்போது பழையதைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள். பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்களைத் துணியால் துடைத்துப் படியுங்கள். விட்டம், உயரம் தவிர, 36, 45 என்று இரண்டு கோணங்களும் இருக்கும், சிலவற்றில் 45, 45. கோணம் மாறினால் பேரிங் உள்ளே உட்கார்ந்த மாதிரி தெரியும், ஓட்டினால் மறுபடி ஆடும்.

பேரிங்கைக் கழற்றும் பகுதியில் ஓர் எச்சரிக்கை. ஸ்டெம்மை உருவியதும் ஃபோர்க்கைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. வண்டியைத் தூக்கினால் ஃபோர்க் நேராகக் கீழே நழுவி, பிரேக் கேபிளில் தொங்கும். ஒரு துணிக்கயிற்றால் ஃபோர்க்கையும் ஃபிரேமின் கீழ்க்குழாயையும் கட்டிவிட்டுத் தொடங்குங்கள். எடுக்கும் ஒவ்வொன்றையும் எடுத்த வரிசையில், எடுத்த பக்கம் மேலே இருக்கும்படி செய்தித்தாளில் அடுக்குங்கள். பேரிங்குக்குத் தலைகீழ் உண்டு. மேல் பேரிங்கில் உள்வளையத்தின் சரிவு மேலே பார்க்க வேண்டும், அதில்தான் கம்ப்ரஷன் ரிங் உட்காரும். கீழ் பேரிங்கில் உள்சரிவு கீழே பார்க்கும், ஃபோர்க்கின் தோளில் இருக்கும் கிரவுன் ரேஸ் என்ற வளையம் அதில் பொருந்தும். மாற்றிப் போட்டால் ஹேண்டில் கனமாகவும் திரும்பும், ஆட்டமும் போகாது.

பழைய பேரிங்குகளை விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்தேன். இரண்டுமே வெண்ணெய்போல் சுற்றின. துரு இல்லை, கரகரப்பு இல்லை. அப்போதுதான் டாப் கேப்பைத் திருப்பிப் பார்த்தேன். கறுப்புப் பூச்சு அடித்த அடிப்பக்கத்தில், விளிம்பிலிருந்து சற்று உள்ளே, பூச்சு போய் அலுமினியம் பளிச்சென்று தெரியும் ஒரு மெல்லிய வட்டம். ஸ்டியரர் குழாயின் வாய் எவ்வளவு அகலமோ சரியாக அவ்வளவு. கேப் முழு பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தது குழாயின் தலையை, ஸ்டெம்மை அல்ல.

வெர்னியர் வைத்து அளந்ததும் கணக்கு விளங்கியது. பழைய ஸ்டெம் ஸ்டியரரைப் பிடிக்கும் பகுதியின் உயரம் 41 மி.மீ., புதியது 38. பழையதில் குழாயின் தலை ஸ்டெம்மின் மேல்விளிம்பிலிருந்து 3 மி.மீ. உள்ளே இருந்தது. புதியதில் இரண்டும் சமமட்டம். ஸ்டெம் வாங்கும்போது நீளம், கோணம், ஹேண்டில்பார் விட்டம் 31.8-ஆ 25.4-ஆ என்றெல்லாம் பார்க்கிறோம். இந்த உயரத்தை யாரும் கேட்பதில்லை, பெட்டியில்கூடப் பல கம்பெனிகள் போடுவதில்லை. வாங்கும் முன் கடையிலேயே ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள்.

தீர்வு 28.6 மி.மீ. உள்விட்டமுள்ள ஒரே ஒரு ஸ்பேசர். குழாயின் தலை, மேலே இருக்கும் ஸ்டெம் அல்லது ஸ்பேசரின் விளிம்பிலிருந்து 3 முதல் 5 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். என்னிடம் இடைவெளி சைபர் என்பதால் 5 மி.மீ. ஸ்பேசர் போதும். அதை ஸ்டெம்முக்குக் கீழே போட்டால் ஹேண்டில் 5 மி.மீ. உயரும், மேலே போட்டால் உயரம் மாறாது. மேலே போட்டேன், ஸ்டெம்மின் இரண்டு போல்ட்களுக்கும் பின்னால் முழுக் குழாயும் இருக்கும் என்பதற்காக. ஹேண்டிலை உயர்த்த ஆசைப்பட்டு ஸ்டெம்முக்குக் கீழே ஸ்பேசர்களை அடுக்கிக்கொண்டே போவது ஆபத்து. குழாய் தாழ்ந்து மேல் போல்ட் வெற்றிடத்தை இறுக்கினால், ஸ்டெம்மே வெடிக்கலாம்.

மாட்டும் வரிசை. பேரிங் உட்காரும் இடங்களில் மெல்லிய கிரீஸ். ஸ்டெம் பிடிக்கும் இடத்தில் குழாயில் கிரீஸ் வேண்டாம், துடைத்துவிடுங்கள். கார்பன் ஸ்டியரர் என்றால் கிரீஸ், ஸ்டார் நட் இரண்டுமே கூடாது, அதற்குக் குழாய்க்குள் விரிந்து பிடிக்கும் பிளக்கும், வழுக்காமல் பிடிக்கக் கார்பன் பேஸ்ட்டும் தனி. எல்லாம் மாட்டியதும் கேப்பைக் கையால் இறுகும் வரை முறுக்கி, அங்கிருந்து அரைக்கால் சுற்று, அரைக்கால் சுற்றாக ஏற்றுங்கள். ஒவ்வொரு முறையும் பிரேக் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஸ்பேசர் போட்டபின் எனக்கு இரண்டாவது அரைக்கால் சுற்றிலேயே 'டக்' நின்றுவிட்டது. ஒரு வாரம் மல்லுக்கட்டியதற்கு அந்த நிசப்தம் பெரிய நிம்மதி.

ஆட்டம் நின்ற இடத்தோடு விட்டுவிட வேண்டும். கூடுதலாக இறுக்கினால் பேரிங் சீக்கிரம் போகும். வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கிச் சற்றுச் சாய்த்தால் சக்கரம் தானாக ஒரு பக்கம் விழ வேண்டும். விழவில்லை என்றால் இறுக்கம் அதிகம். கேபிள்கள் குட்டையாக இருந்தாலும் இப்படி நிற்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஹேண்டிலை நேராக்குவது. சக்கரத்தோடு ஸ்டெம்மை ஒப்பிடுவதைவிட, ஹேண்டில்பாரை ஃபோர்க்கின் இரு தோள்களோடு மேலிருந்து ஒப்பிடுவது துல்லியம். நேர் கிடைத்ததும் பின் போல்ட்களை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் ஸ்டெம் கோணலாகப் பிடிக்கும். முன்பக்க முகப்புத் தகட்டின் நான்கு போல்ட்களும் குறுக்குக் குறுக்காக, மேலேயும் கீழேயும் இடைவெளி சமமாக இருக்கும்படி.

போல்ட்டைத் திருகும் விசையின் (டார்க்) அளவு பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர், ஸ்டெம்மிலேயே பொறித்திருக்கும். டார்க் ரெஞ்ச் இல்லாதவர்களுக்கு ஒரு வழி. ஆலன் கீயின் குட்டைக் கையைப் போல்ட்டில் செருகி, நீளக் கையின் நுனியில், பயணப் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசை மாட்டிச் செங்கோணத்தில் இழுங்கள். 10 செ.மீ. தூரத்தில் 5 கிலோ காட்டினால் கிட்டத்தட்ட 5 நியூட்டன் மீட்டர். கை 8 செ.மீ.தான் என்றால் 6.4 கிலோ. டார்க் ரெஞ்ச் அளவு துல்லியம் வராது, ஆனால் அலுமினிய மரையை உரித்துவிடும் கைமதிப்பைவிட எவ்வளவோ மேல். கார்பன் பாகங்களுக்கு இதை நம்பாதீர்கள்.

இடைவெளி சரியாக இருந்தும் ஆடுகிறதா? ஹெட்செட்டை மறுபடி பிரிக்காதீர்கள். ஹேண்டிலை 90 பாகை திருப்பி வைத்து, பிரேக் பிடிக்காமல், வண்டியை முன்னும் பின்னும் தள்ளுங்கள். அப்போதும் அசைந்தால் ஹெட்செட்தான். நின்றுவிட்டால் டிஸ்க் பிரேக் பேட் அதன் கூடான காலிப்பரில் அசைவதாக இருக்கலாம், சஸ்பென்ஷன் ஃபோர்க்கின் புஷ் தேய்ந்திருக்கலாம். சக்கரத்தை ரிம்மில் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஹப்பின் பேரிங்கை இறுக்கும் கோன் லூஸா, அச்சை ஃபோர்க்கோடு பூட்டும் குவிக் ரிலீஸ் லூஸா என்பது தெரியும். சரிசெய்த ஆட்டம் இரண்டு நாளில் திரும்பி வந்தால் கிரவுன் ரேஸ் ஃபோர்க்கில் முழுக்க இறங்கவில்லையோ என்று பார்க்க வேண்டும். ரேஸும் தோளும் சேரும் இடத்தில் நகம் நுழையும் அளவு சந்து இருந்தால் அதுதான்.

மரையுள்ள பழைய வகை ஹெட்செட்டுக்கு இதில் எதுவும் பொருந்தாது. அங்கே ஆட்டத்தைச் சரிசெய்வது மேல் கப்பும் அதன் மேலிருக்கும் லாக் நட்டும். ஒரு அங்குல ஸ்டியரருக்கு லாக் நட் பெரும்பாலும் 32 மி.மீ. ஸ்பேனர். கப்பைக் கையால் இறக்கி, கால் சுற்று பின்வாங்கி, கப்பை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்க வேண்டும். ஒரே ஸ்பேனரால் செய்தால் கப்பும் சேர்ந்து சுற்றி, பால்ரஸ் நசுங்கும் அளவுக்கு இறுகிவிடும். ஹேண்டில் தண்டை உயர்த்தும்போது, மேல் போல்ட்டை முழுக்கக் கழற்றாமல் இரண்டு மூன்று சுற்று தளர்த்தி, மரக்கட்டை வைத்து ஒரு தட்டு தட்டினால் உள்ளே இருக்கும் ஆப்பு இறங்கி விட்டுக்கொடுக்கும். தண்டில் பொறித்திருக்கும் குறைந்தபட்சக் கோடு வெளியே தெரியும்படி ஒருபோதும் உயர்த்தக் கூடாது.

ஸ்பேசர் போட்டு 50 கி.மீ. ஓடியபின் ஒருமுறை சோதித்தேன். எல்லாம் உட்கார்ந்ததில் மயிரிழை ஆட்டம் இருந்தது. பின் போல்ட்களைத் தளர்த்தி, கேப்பில் இன்னொரு அரைக்கால் சுற்று, மறுபடி 5 நியூட்டன் மீட்டர். அடுத்த 200 கி.மீ.க்குப் பிறகு பார்த்தபோது விரலுக்கடியில் எதுவும் நகரவில்லை.