பி0443: புது வால்வு போட்டும் போகாத செக் இன்ஜின் லைட்

மழைக்காலம் தொடங்கியதிலிருந்து எங்கள் பழைய பெட்ரோல் வண்டியில் செக் இன்ஜின் லைட் வருவதும் போவதுமாக இருந்தது. ஸ்கேனரைச் செருகினால் பி0443 என்ற கோளாறுக் குறியீடு, அதாவது பர்ஜ் வால்வின் மின்சுற்றில் கோளாறு. பெட்ரோல் டேங்கில் எழும் ஆவியைக் கரி நிரப்பிய கேனிஸ்டர் பிடித்து வைத்துக்கொள்ளும், இன்ஜின் ஓடும்போது இந்த வால்வு திறந்து அந்த ஆவியை இன்ஜின் காற்றிழுக்கும் வழியான இன்டேக்கிற்குள் விடும், அவ்வளவுதான் அதன் வேலை.

வண்டி ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டிருந்தால் பெட்ரோல் போட்டவுடன் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், அதுவும் இல்லை. ஆனாலும் அவசரப்பட்டு ஒரு புது வால்வு வாங்கிப் போட்டேன். இரண்டே நாளில் லைட் திரும்ப வந்தது. பழைய வால்வின் மின்தடையை அப்புறம்தான் அளந்தேன்: 27 ஓம், குறை சொல்ல ஒன்றுமில்லை. முதலிலேயே அளந்திருக்கலாம், ஒரு நிமிட வேலை.

சரி, வயரிங் பக்கம் போவோம் என்று கனெக்டரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, மல்டிமீட்டர் வைத்தால் ஒரு பின்னில் 12.3 வோல்ட். ஃப்யூஸ் நன்றாக இருக்கிறது, மின்சாரம் வருகிறது, அப்படியானால் வால்வை இயக்கும் இன்ஜின் கணினியான ஈசியூதான் போய்விட்டதோ என்று வயிற்றில் புளியைக் கரைத்தது.

இங்கேதான் மீட்டர் என்னை ஏமாற்றியது. மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை, ஒயரில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் முழு வோல்ட்டைக் காட்டிவிடும். வால்வுக்கோ அரை ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக வேண்டும். பார்க்கிங் லைட்டில் போடும் 5 வாட் பல்பும் ஏறக்குறைய அவ்வளவுதான் எடுக்கும் என்பதால், அதன் ஒரு முனையை அந்தப் பின்னிலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் வைத்தேன். பல்பு மினுங்கக்கூட இல்லை, மீட்டரில் 12.3 இருந்த இடத்தில் இப்போது 1.8. (இன்னொரு பின் ஈசியூவிலிருந்து வருகிறது, அதில் நேரடியாக 12 வோல்ட் கொடுத்துப் பார்க்காதீர்கள், ஈசியூ நிஜமாகவே போய்விடும்.)

பல்பை அப்படியே விட்டுவிட்டு, ஒயர்க் கட்டை ஃப்யூஸ் பெட்டி வரை அங்குலம் அங்குலமாக அசைத்துப் பார்த்தேன். ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் பின்னால் தொட்டபோது பல்பு ஒரு முறை கண் சிமிட்டியது. டேப்பைப் பிரித்தால் எலி கடித்த தழும்பு, உள்ளே தண்ணீர் இறங்கி, செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. கெட்டுப்போன நான்கு அங்குலத்தை வெட்டி எறிந்துவிட்டு அதே தடிமனில் புது ஒயர் சேர்த்து, சால்டர் வைத்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கி ஒயரை இறுக்கிப் பிடிக்கும் குழாய்) போட்டேன். பல்பு பளிச்சென்று எரிந்தது.

ஸ்கேனரில் கோளாறுக் குறியீட்டை அழித்துவிட்டுப் பத்து நாள் ஓட்டியாயிற்று, லைட் வரவில்லை. இன்ஜின் சூடானதும் வால்வின் மேல் விரல் வைத்தால் டிக் டிக்கென்று அடிப்பது தெரிகிறது. கழற்றிய பழைய வால்வு நல்ல நிலையில் டிக்கியில் கிடக்கிறது. அடுத்த வேலை, எலிக்கு ஒரு வழி பண்ணுவது.