தள்ளிப்போன பயணமும் ஒற்றியூர் தரிசனமும்

அம்மாவுக்குச் சென்னை திருவொற்றியூர் வடிவுடையம்மனைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. ஐப்பசியிலேயே மதுரையிலிருந்து டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அடைமழை, இப்போது வேண்டாம் என்று அண்ணன் தடுத்துவிட்டான். அடுத்துப் பார்த்த தேதியில் சித்தி மகளுக்கு வளைகாப்பு வந்தது. "அந்த அம்மன் கூப்பிடணும்ல, கூப்பிடாம நாம எப்படிப் போறது?" என்று அம்மா போனில் அலுத்துக்கொண்டார். கடைசியில், வீட்டில் கார்த்திகை தீபம் ஏற்றிவிட்டு, மறுநாள் ராத்திரி ரயில் ஏறி வந்து சேர்ந்தார். அன்று மாலையே கிளம்பிவிட்டோம்.

மெட்ரோவில் திருவொற்றியூர் தேரடியில் இறங்கினால் கோயில் பக்கம்தான். ஆனால் சன்னதித் தெரு தாங்காத கூட்டம். என்ன விசேஷம் என்று பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாளைக் கேட்டேன். "கவசம் திறந்திருக்கும்மா. இன்னிக்குக் கடைசி நாள், ராத்திரி சாத்திடுவாங்க. முதல்ல சாமி வரிசையில நில்லுங்க, அம்மனை அப்புறம் பாத்துக்கலாம்."

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

இங்கே மூலவர் ஆதிபுரீஸ்வரர். படம்பக்கநாதர் என்றும் சொல்வார்கள். புற்று வடிவான சுயம்பு. வருடம் முழுக்கக் கவசத்துக்குள்தான் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்றே நாள் கவசத்தை எடுத்து, புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துவார்கள். அந்த மூன்று நாள்தான் அவர் திருமேனியை நேரில் காண முடியும்.

வரிசை மெல்ல மெல்லத்தான் நகர்ந்தது. முட்டிவலியோடு அம்மா எப்படி நிற்பார் என்று எனக்குக் கவலை. அவரோ உட்காரச் சொன்னாலும் கேட்கவில்லை. உள்ளே போகப் போகப் புனுகு வாசனை முன்னால் வந்து அழைத்தது. சன்னதி நேருக்கு வந்ததும் அர்ச்சகர் தீபத்தை உயர்த்திக் காட்டினார். கரிய மேனி, வழவழப்பில்லாமல், மண்ணிலிருந்து அப்போதுதான் எழுந்த மாதிரி. தைலம் பட்ட இடமெல்லாம் வெளிச்சம் ஓடியது. அலங்காரம் எதுவும் மறைக்காத சிவம். நகரச் சொல்லும் குரல் கேட்டும் அம்மாவால் கால் எடுத்து வைக்க முடியவில்லை. கன்னத்தில் போட்டுக்கொள்ளக்கூட மறந்து, "அப்பா, அப்பா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நான் அழுதுவிட்டேன்.

வடிவுடையம்மனை வணங்கிவிட்டு மகிழ மரத்தடிக்கு வந்தோம். 'உன்னைப் பிரியேன்' என்று, தேவாரம் பாடிய சுந்தரர் தாம் மணந்த சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்தது மகிழ மரத்தடியில்தான். பிறகு திருவாரூர் வசந்த விழா நினைவு வந்து, பொறுக்க முடியாமல் கிளம்பினார். ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயின. காஞ்சியில் இடக்கண்ணும் ஆரூரில் வலக்கண்ணும் திரும்பக் கிடைத்தன. சின்ன வயதில் இந்தக் கதையை எனக்குச் சொன்னது அம்மாதான். அன்று மரத்தடியில் நின்று மறுபடியும் முழுக்கச் சொன்னார்.

ஐப்பசியில் வந்திருந்தால் கவசத்தைக் கும்பிட்டுவிட்டு நிறைவாகவே ஊர் திரும்பியிருப்போம். எதைப் பார்க்காமல் வந்தோம் என்றுகூடத் தெரிந்திருக்காது. மழையும் வளைகாப்பும் அந்தச் சிவன் போட்ட தடை என்கிறார் அம்மா. நானும் அதை மனசார நம்புகிறேன்.

பக்கத்தில் கடற்கரையோரம் இருக்கும் பட்டினத்தார் சமாதிக்கு அன்று நேரமில்லை, மறுநாள் காலையில் போய் வந்தோம். அடுத்த கார்த்திகைக்குப் போக நினைப்பவர்கள் பஞ்சாங்கத்தில் பௌர்ணமியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வயதானவர்களைக் கூட்டிப்போவதாக இருந்தால் தண்ணீர் பாட்டில் அவசியம், வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.