உனக்குத்தான் பையன் இருக்கானே

எங்கள் தெருமுனையில் பூக்கட்டும் அம்மாவோடு போன மாதம் விதவை பென்ஷனுக்கு மனு கொடுக்கப் போனேன். கணவரின் இறப்புச் சான்று, ஆதார் நகல், பாஸ்புக் எல்லாவற்றையும் மஞ்சப்பையில் மடித்து எடுத்து வந்திருந்தார். பூவின் ஈரம் பட்டு ஆதார் நகலின் ஓரம் ஊறிப்போயிருந்தது. ஆபீசில் மனு வாங்குபவர் எதையும் புரட்டவில்லை. “உனக்குத்தான் பையன் இருக்கானேம்மா” என்றார், அவ்வளவுதான். பையன் இருக்கிறான், ஓசூரில். அவன் பணம் அனுப்பி மூன்று வருடம் ஆகிறது.

பஸ்ஸில் திரும்பும்போது மார்த்தா நுஸ்பாம் ஞாபகம் வந்தார். 1947-ல் நியூயார்க்கில் பிறந்தவர், நாடகம், கிரேக்க இலக்கியம் என்று படித்து ஹார்வர்டில் டாக்டர் பட்டம் வாங்கி, அப்புறம் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சட்டம், தத்துவம் இரண்டுக்கும் பேராசிரியை ஆனவர். 2016-ல் கியோட்டோ பரிசும் கிடைத்தது. எனக்கு இதையெல்லாம்விடப் பெரிதாகப் படுவது, 1980-களின் பிற்பகுதியில் ஹெல்சிங்கியில் இருந்த ஐ.நா. பல்கலைக்கழக ஆய்வு நிறுவனத்தில் அவர் பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென்னோடு சேர்ந்து வேலை செய்த காலம்தான். நாட்டின் சராசரி வருமானம் ஏறினால் போதுமா, இந்த ஒரு ஆளால் உண்மையில் என்ன செய்ய முடிகிறது, எப்படி வாழ முடிகிறது? அவர்களுடைய இயலுமை அணுகுமுறை இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. எந்தெந்த இயலுமைகள் எல்லோருக்கும் வேண்டும் என்று நிலையான ஒரு பட்டியல் போட சென் சம்மதிக்கவில்லை. நுஸ்பாம் போட்டார், உயிர், உடல்நலம் தொடங்கி விளையாட்டு உட்பட மொத்தம் பத்து. இதில் நான் நுஸ்பாம் கட்சி. எழுதி வைத்திருந்தால்தானே இது என் உரிமை என்று விரல் வைத்துக் காட்டிக் கேட்க முடியும்.

2000-ல் வந்த அவருடைய புத்தகம் ஒன்றில் திருவனந்தபுரத்துச் செங்கல் சூளைப் பெண் தொழிலாளி ஒருவர் வருகிறார். வருடக்கணக்காகத் தலையில் கல் சுமந்தவர். ஆண்கள் கல் அறுக்கும் வேலைக்கு உயர்ந்துவிடுவார்கள், பெண்களுக்குக் கடைசிவரை சுமைதான். அவர் விதவை பென்ஷன் கேட்டபோதும் இதே பதில்: உழைக்கத் தெம்புள்ள மகன்கள் இருக்கிறார்களே! குடும்பத்தை மொத்தமாக ஒரே ஆளாக எண்ணினால் உள்ளே பட்டினி கிடப்பவர் கணக்கில் வரவே மாட்டார், ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார் என்று நுஸ்பாம் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

திங்கட்கிழமை மறுபடி போகிறோம். ‘மகனிடமிருந்து எந்த உதவியும் இல்லை’ என்று மனுவில் தனியாக ஒரு வரி சேர்த்தேன். பூத்தொடுத்துக்கொண்டே வாசிக்கச் சொல்லிக் கேட்டவர், அந்த இடத்தில் கையை நிறுத்திவிட்டார்.

“அவன் பேரு மட்டும் போடாத தம்பி.”