அடிக்கு முன்பே நகரும் கால்கள்

வேலூர் வெயிலில் பழ ஈ வளர்ப்பது லேசான வேலை இல்லை. ட்ரோசோஃபிலா என்ற இந்த ஈக்கு 25 டிகிரிதான் இதம். 30 டிகிரியிலேயே வளர்ந்தால் ஆண் ஈக்கள் மலடாகிவிடும். கத்திரியில் இங்கே 40ஐத் தாண்டும். கரண்ட் போனால் கல்சர் பாட்டில்களுக்கு ஈரத்துணி சுற்றுவதுதான் எனக்கும் ஆய்வக உதவியாளர் அண்ணனுக்கும் முதல் வேலை. மக்காச்சோள மாவு, வெல்லம், ஈஸ்ட், அகர் சேர்த்துக் காய்ச்சும் வாசனை சட்டையை விட்டுப் போகாது. மாணவர்களோ மரபியல் செய்முறைக்காகச் சிவப்புக் கண், வெள்ளைக் கண் என்று எண்ணி முடித்ததும் ஈயை மறந்துவிடுவார்கள். எனக்கு அது பொறுக்காது. அது பறப்பதைப் பற்றிப் பேசாமல் விடமாட்டேன்.

இறக்கை நொடிக்குச் சுமார் 200 தடவை அடிக்கிறது. ஒவ்வோர் அடிக்கும் நரம்பிலிருந்து கட்டளை வருவதில்லை. மார்புக்கூட்டுக்குள் நீளவாட்டில் ஒரு தசைத்தொகுதி, மேல்கீழாக இன்னொன்று. ஒன்று சுருங்கினால் கூடு நெளிந்து மற்றதை இழுக்கும். இழுபட்டது தானே சுருங்கும். நரம்பு இடையிடையே தூண்டிவிட்டால் போதும். திரும்புவதற்குத் தனியே சின்னத் தசைகள் உண்டு. பின்னிறக்கை இருக்கவேண்டிய இடத்தில் குண்டூசி போல நிற்கும் ஹால்டியர்கள், உடல் எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதை உணர்ந்து சொல்லும்.

இதைக் கேட்டுவிட்டு, குடியாத்தத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி, "அப்போ மூளைக்கு வேலையே இல்லையா சார்?" என்றாள்.

"இருக்கும்மா, அங்கதான் விஷயமே."

நாம் கை ஓங்கும்போது ஈ வெறுமனே துள்ளுவதில்லை. அமெரிக்காவில் கார்டு, டிக்கின்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவில் எடுத்த படங்களை வைத்து 2008இல் இதைக் காட்டினார்கள். ஆபத்து எந்தப் பக்கம் என்று பார்த்து, எதிர்ப்பக்கம் தாவத் தோதாக ஈ கால்களை முன்கூட்டியே நகர்த்தி வைத்துக்கொள்கிறது. முன்பே நடந்துகொண்டிருந்ததா, நின்றிருந்ததா என்பதைப் பொறுத்து அந்த நகர்வும் மாறுகிறது. 2010இல் வந்த இன்னோர் ஆய்வு என்னை இன்னும் அதிகமாகப் பிடித்துக்கொண்டது. ஈ பறக்கும்போது அதன் பார்வை நரம்பணுக்கள், சும்மா உட்கார்ந்திருப்பதைவிட வலுவாகத் துலங்குகின்றன. கண்ணுக்கு முன்னால் அதே காட்சி, உள்ளே வேறு மூளை!

2024இல் பெண் பழ ஈ ஒன்றின் மூளை முழுவதற்கும் வரைபடம் வந்தது. 1,39,000க்கு மேற்பட்ட நரம்பணுக்கள், 5 கோடிக்கு மேற்பட்ட இணைப்புகள். மாபெரும் சாதனை, சந்தேகமில்லை. ஆனால் அந்த ஈ பசியில் இருந்ததா, களைத்திருந்ததா என்பதை அந்த வரைபடம் மட்டும் சொல்லிவிடாது. பசித்த ஈயின் மோப்ப நரம்புகள் உணவு வாசனைக்குக் கூடுதலாகத் துலங்கும். இணைப்புகள் என்னவோ அதேதான்.

அதனால் என் வகுப்பில் ஈயின் நடத்தையைக் கவனித்து எழுதும் ரெக்கார்டு நோட்டில் ஒரு பத்தி கூடுதல். ஈ கடைசியாக எப்போது தின்றது, கவனிக்கத் தொடங்கியபோது நடந்ததா, உட்கார்ந்திருந்ததா, அறை வெப்பம் என்ன. அந்தப் பத்தி காலியாக இருந்தால் கையெழுத்துப் போடமாட்டேன்.