குறைந்த முயற்சியில் அசையப் பழகுதல்: ஃபெல்டன்கிரைஸ் பாடங்கள்

மோஷே ஃபெல்டன்கிரைஸ் வகுத்த அசைவுப் பாடங்களை, ஒலிப்பதிவில் வரும் குரலைக் கேட்டபடி, சில மாதங்களாக வீட்டில் பாய் விரித்துச் செய்து வருகிறேன். நெடுநேரம் மேசை முன் அமர்ந்து வேலை செய்வதால் தோள்கள் இறுகி, தலையைத் திருப்பும்போதெல்லாம் கழுத்து இழுத்துப் பிடித்ததுதான் இவற்றைத் தொடங்கக் காரணம்.

1904இல், இன்று உக்ரைனில் உள்ள ஸ்லாவூட்டாவில் பிறந்த ஃபெல்டன்கிரைஸ், பொறியியலும் இயற்பியலும் கற்றவர். ஜூடோவை நிறுவிய ஜிகோரோ கானோவைப் பாரிசில் சந்தித்து, அக்கலையில் கறுப்புப் பட்டை பெற்றவர். முழங்காலில் ஏற்பட்ட காயம் தொடர்ந்து தொல்லை தந்தபோது, தாம் எவ்வாறு நடக்கிறோம் என்பதையே நுணுக்கமாக ஆராயத் தொடங்கினார். அந்த ஆராய்ச்சியின் வழியே உருவானவைதான் இப்பாடங்கள்.

நான் மிகுதியாகச் செய்வது ஒருக்களித்துப் படுத்துச் செய்யும் தோள் பாடம். முதலில் மல்லாந்து படுத்து, எந்தத் தோள் தரையில் அதிகமாகப் படிகிறது, இடுப்புக்குக் கீழே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதை எதையும் மாற்ற முயலாமல் கவனிக்க வேண்டும். பிறகு வலப்பக்கம் சாய்ந்து, முழங்கால்களை மடக்கி, இடத் தோளைக் காதை நோக்கியும் இடுப்பை நோக்கியும், பின்பு முன்னும் பின்னுமாகவும் மெல்ல நகர்த்தி, இறுதியில் சிறு வட்டமாகச் சுழற்ற வேண்டும். இடையிடையே ஓய்வும் உண்டு. ஒரு பக்கத்தை மட்டும் முடித்துவிட்டு மீண்டும் மல்லாந்து படுக்கும்போது, இடத் தோள் அகன்று தரையோடு படிந்திருப்பதும், வலத் தோள் இன்னும் மேலே தூக்கிக்கொண்டிருப்பதும் துல்லியமாகத் தெரிகின்றன. அதுவரை இயல்பு என்று நான் கருதியிருந்த நிலையே ஓர் இறுக்கம் என்பதை இந்த வேறுபாடுதான் எனக்குக் காட்டியது.

அசைவுகள் ஏன் இவ்வளவு சிறியவையாக இருக்க வேண்டும் என்பதற்கு ஃபெல்டன்கிரைஸ் தரும் விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய உடலியல் அறிஞர் எர்ன்ஸ்ட் வெபர் கண்டறிந்தபடி, நாம் உணரக்கூடிய மிகச் சிறிய வேறுபாடு, ஏற்கெனவே தாங்கிக்கொண்டிருக்கும் சுமையைப் பொறுத்து வளர்கிறது. கையில் அரிசி மூட்டை இருக்கும்போது அதன்மேல் ஒரு பிடி அரிசி கூடினால் தெரிவதில்லை. வெறுங்கையில் அதே பிடி அரிசி நன்றாகவே தெரிகிறது. தசை முழு வலிமையோடு இழுக்கும்போதும் அவ்வாறே தேவையற்ற இறுக்கம் உணர்வுக்கு எட்டாமல் போகிறது. ஆகவே முயற்சியைக் குறைப்பது சோம்பலன்று. உணர்வைக் கூர்மையாக்கும் வழி அது.

இடுப்புக் கடிகாரம் என்னும் பாடத்தில் இதை இன்னும் தெளிவாகக் கண்டேன். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கிப் பாதங்களை ஊன்றி, இடுப்பெலும்பின் அடியில் ஒரு கடிகார முகம் இருப்பதாகப் பாவித்து, தலைப்பக்கம் உள்ள 12க்கும் வால் எலும்புப் பக்கம் உள்ள 6க்கும் இடையே எடையை உருட்ட வேண்டும். 12ஐ நோக்கி உருளும்போது கீழ்முதுகு தரையில் படிகிறது. 6ஐ நோக்கி உருளும்போது எழுகிறது. 3, 9 ஆகியவற்றையும் தொட்டு முழுச் சுற்று வரும்போது சில இடங்கள் தாவிப்போகின்றன. அவ்விடங்களில் தாடை இறுகி மூச்சு நின்றுபோவதையும் கவனித்தேன். மூச்சு தடைபடாத அளவுக்கு வட்டத்தைச் சுருக்கியதும், தாவல்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன.

தலையை ஒருபுறமும் கண்களை மறுபுறமும் திருப்பும் பாடம் தனிச் சிறப்புடையது. அதன் பின் இரண்டையும் சேர்த்துத் திருப்பினால், பார்வை முன்னைவிட எளிதாகத் தோளைத் தாண்டிச் செல்கிறது. கழுத்து மட்டும் திரும்பாமல் விலாவும் இடுப்பும் உடன் திரும்பினால் இழுப்பு ஏறக்குறைய மறைந்துவிடுகிறது.

உடல்வலிமையோ வியர்வையோ இப்பாடங்களில் கிடைக்காது. அதற்கு நடைப்பயிற்சியைத் தனியே தொடர்கிறேன். மாலையில் வேலை மிகும்போது தோள்கள் இன்னும் காதை நோக்கி ஏறவே செய்கின்றன. ஆனால் முன்பு வலித்த பிறகே தெரிந்தது, இப்போது ஏறத் தொடங்கும்போதே தெரிகிறது. அடுத்து, நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமலும் கழுத்தை இறுக்காமலும் எழும் பாடத்தைத் தொடங்கவிருக்கிறேன்.