கிரீஸ் யார் போடுவது?

போன புதன்கிழமை மத்தியானம் பங்களாதேஷ் பையன்கள் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் ஒரு சந்தாஸைக் குறுக்கே பிடித்துக்கொண்டு வந்தார்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் புல் மிஷின், மருந்து பம்பு ரிப்பேர் செய்வது என் பிழைப்பு. இப்போது இதுவும் வருகிறது.

சந்தாஸ், செம்பனைக் குலை, அதாவது பாமாயில் மரத்துக் குலை வெட்டும் மிஷின். நீளக் கம்பு, கீழே பெட்ரோல் இஞ்சின், உச்சியில் அரிவாள். கம்புக்குள் சுழலும் தண்டு மேலே உள்ள கியர் பாக்ஸை ஓட்ட, அரிவாள் டர்ரென்று அதிரும். காம்பில் மாட்டி இழுத்தால் போதும், தோள் வலி குறையும். மலேசிய செம்பனை வாரியத்தின் ஆய்வில் பிறந்தது.

இஞ்சின் நன்றாக ஓடியது; அரிவாள்தான் அசையவில்லை. கியர் பாக்ஸைத் திறந்தேன். கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் கரித்தூள் மாதிரி ஒரு பொடி. பற்களெல்லாம் மொண்ணை.

“கிரீஸ் எப்போது அடித்தாய்?”

“கிரீஸா? பெட்ரோல் ஊற்ற மட்டும்தான் சொன்னார்கள்.”

வாரியம் புதுக் கண்டுபிடிப்புகளுக்கு இரண்டு பக்கத் தாள் அச்சடிக்கிறது, கம்பெனிகளைக் கூப்பிட்டுக் கருத்தரங்கு நடத்துகிறது, உரிமம் வாங்கிய கம்பெனி செய்து விற்கிறது. அதெல்லாம் சரி. வாரியம் இருக்கும் பாங்கியிலிருந்து இந்தப் பையன் வெட்டும் மர வரிசைக்கு வருகிற வழியில் யாரோ அந்தக் கிரீஸை மட்டும் கீழே போட்டுவிட்டார்கள். என் முதல் சந்தாஸை நானும் குருட்டாம்போக்கில்தான் பிரித்தேன்; ஒரு ஸ்பிரிங் தெறித்துப் போனதை இன்றுவரை காணோம்.

அம்மா வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். சின்ன வயதில் செம்பனைக்குப் பூ ஊதப் போனவர். ஆண்பூவின் தூளை டால்க் பவுடரில் கலந்து, மரம் மரமாகப் போய்ப் பெண்பூவில் ஊத வேண்டும். சாயங்காலம் முகமெல்லாம் வெள்ளையாக வீட்டுக்கு வருவாராம். 1981-இல் கேமரூனிலிருந்து ஒரு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அரிசி அளவுகூட இருக்காது. ஆண்பூவிலேயே குஞ்சு பொரித்து, பூவுக்குப் பூ தூளைச் சுமந்தது. கொஞ்ச நாளில் அம்மாவை உதிரிப் பழம் பொறுக்க மாற்றிவிட்டார்கள்.

“அந்த வண்டுக்கு எவன்டா கிரீஸ் போட்டான்?” என்றார். அதன்மேல் அவருக்கு இன்னும் கோபம்.

கிரீஸ் ஓட்டைக்குப் பக்கத்தில் சிவப்புப் பெயிண்டில் ஒரு பொட்டு வைத்து, கிரீஸ் அடிப்பதை இரண்டு தடவை செய்து காட்டினேன். பையன் அதைக் கைப்பேசியில் வீடியோ எடுத்துக்கொண்டான், கொங்சியில், அதான் தொழிலாளர் குடியிருப்பில், இருப்பவர்களுக்கும் காட்டுவானாம். கியருக்கு ஈப்போவில் சொல்லியிருக்கிறேன்.